போன தடவை மாதிரியே வேண்டும்

ஷாம்புவும் ஹேண்ட்வாஷும் தயாரிக்கும் சிறிய கம்பெனிகள் என்னிடம் முதலில் கேட்பது விலை. அடுத்தது, எத்தனை நாள் கடன் என்பது. கொஞ்ச காலம் வியாபாரம் பழகிய பிறகு கேள்வி மாறிவிடும்: “போன தடவை வந்த மாதிரியே அனுப்புங்க சார்.” இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய கோரிக்கை கிடையாது. நிறைவேற்றுவதற்கு இதைவிடக் கஷ்டமானதும் கிடையாது.

நான் செய்வது சர்ஃபாக்டன்ட் மூலப்பொருள் சப்ளை. ஷாம்பு, பாடிவாஷ், ஃபேஸ்வாஷ், டூத்பேஸ்ட் என்று எல்லாவற்றிலும் நுரையைத் தருவதும் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதும் இந்தப் பொருள்தான். வளரும் நாடு ஒன்றின் பர்சனல் கேர் தொழிலுக்கு இதை வெளியிலிருந்து தருவித்துக் கொடுக்கிறேன். பன்னாட்டு நிறுவனங்களுக்கு என்னைப் போன்றவர்கள் தேவையில்லை. அவர்கள் உற்பத்தியாளரோடு ஆண்டு ஒப்பந்தம் போட்டு டேங்கர் டேங்கராக இறக்கிக்கொள்வார்கள். சோதனைக்கூடம், கெமிஸ்ட் எல்லாம் அவர்களிடமே உண்டு. மாதம் நாலு டிரம், பத்து டிரம் வாங்குகிறவர்கள்தான் எங்களை நம்பி இருக்கிறார்கள். ஒரு நாட்டின் சொந்த பிராண்டுகளில் பல அப்படித்தான் கிளம்புகின்றன. அதனால் இந்தச் சிறு வாடிக்கையாளர்கள்மீது எனக்குத் தனி அக்கறை உண்டு.

வருகிற சரக்கில் பெரும்பங்கு எஸ்எல்இஎஸ், அதாவது சோடியம் லாரில் ஈத்தர் சல்பேட். அதன் பயணம் ஒரு மரத்தில் தொடங்குகிறது. தேங்காய் எண்ணெயிலும், எண்ணெய்ப்பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து பிழியும் எண்ணெயிலும் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். 12 கார்பன் நீளமுள்ள சங்கிலி. நன்றாக நுரைக்கவும், தண்ணீரில் கரையவும், அழுக்கைப் பிடிக்கவும் தோதான நீளம் அதுதான். பெரிய அளவில் விளையும் மற்ற எண்ணெய்களில் இந்த அமிலம் பேருக்குக்கூடத் தேறாது. ஆக இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ் தோட்டங்களில் மழை எப்படி என்பதில் என் விலைப்பட்டியலின் பாதி அடங்கியிருக்கிறது. பெட்ரோலியத்திலிருந்தும் இந்த ஆல்கஹாலைச் செய்ய முடியும், செய்கிறார்கள். ஆனாலும் இரண்டு விலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டேதான் நகரும்.

எண்ணெயிலிருந்து லாரில் ஆல்கஹால் எடுப்பார்கள். அதோடு எத்திலீன் ஆக்சைடைச் சேர்ப்பார்கள். ஒரு மூலக்கூறுக்குச் சராசரியாக ஒன்று சேர்த்தால் 1 மோல் சரக்கு, இரண்டு சேர்த்தால் 2 மோல் சரக்கு. பிறகு சல்பர் ட்ரைஆக்சைடு வாயுவோடு வினைபுரியவிட்டு, காஸ்டிக் சோடாவால் உடனே நடுநிலையாக்குவார்கள். கிடைப்பது வெளிர் மஞ்சள் நிறத்தில் கெட்டியான பேஸ்ட். 70 சதவீதம் ஆக்டிவ், அதாவது வேலை செய்யும் பொருள், மீதி பெரும்பாலும் தண்ணீர்.

இதே பொருள் 28 சதவீதக் கரைசலாகவும் கிடைக்கும். பயன்படுத்துவதற்கு அதுதான் சுலபம். ஆனால் கடல் தாண்டி வரவழைக்கிறவர் அதை வாங்கினால் தண்ணீருக்குக் கப்பல் வாடகை கொடுத்த கதைதான். போதாததற்குத் தண்ணீர் அதிகமுள்ள சரக்கில் பாக்டீரியா வளரும், பிரிசர்வேட்டிவ் சரியாக இல்லையென்றால் வழியிலேயே நாற்றம் எடுத்துவிடும். 70 சதவீதப் பேஸ்டில் கிருமிகளுக்குத் தேவையான தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை என்பதால் அது தன்னைத்தானே காத்துக்கொள்ளும். எனவே தூரத்து நாடுகளுக்குப் பேஸ்ட்தான். ஒரு இருபதடி கன்டெய்னரில் டிரம்களாக அடுக்கினால் ஏறக்குறைய 19 டன் பிடிக்கும். ஷாம்புவில் 10 சதவீதம் ஆக்டிவ் என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு பெட்டியிலிருந்து சுமார் 130 டன் ஷாம்பு வரும். 5 மில்லி பாக்கெட்டாகப் போட்டால் 2.6 கோடி பாக்கெட். ஒரு பெட்டி தப்பாக வந்தால் எத்தனை தலைகளைத் தொடும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேஸ்டாக வருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது அதைத்தான்.

70 சதவீதத்தில் பேஸ்ட் கெட்டிதான், ஆனாலும் பம்ப் செய்தால் நகரும். 28-இல் தண்ணீர் மாதிரி ஓடும். அப்படியானால் நடுவில் 50 சதவீதத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தில் இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் இந்தப் பொருள் ஏமாற்றும். ஏறக்குறைய 30-க்கும் 60-க்கும் இடையில் மூலக்கூறுகள் நீண்ட உருளைகளாகத் திரண்டு அறுகோண வரிசையில் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். பேஸ்டைவிடப் பல மடங்கு இறுகிய ஜெல் அது. டிரம்முக்குள் தண்ணீரை ஊற்றிக் கலக்கினால் பேஸ்டின் மேல்பரப்பு அந்த எல்லைக்குள் போய் ஒரு தோல் மாதிரி மூடிக்கொள்ளும். உள்ளே பேஸ்ட், வெளியே தண்ணீர், நடுவில் எதையும் உள்ளே விடாத ஜெல். கலக்கியின் தண்டு வளைந்ததைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்கக் கலக்கியும் கண்ணாடி உருண்டைகள் போலக் கட்டிகள் மிதப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சூடு ஏற்றினால் சரியாகிவிடும் என்று கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விடுவார்கள். தோல் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். சரியான வழி தலைகீழானது. தண்ணீரை முதலில் தொட்டியில் எடுத்து, கலக்கியை ஓடவிட்டு, பேஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்க்க வேண்டும். அப்போது ஒவ்வொரு சிறு கட்டியும் அந்த ஜெல் எல்லையைச் சட்டென்று கடந்து கரைந்துவிடும். அவசரப்பட்டு நுரை கிளப்பாமல், கலக்கி தண்ணீருக்குள் நன்றாக மூழ்கியிருக்கும்படி, மெதுவாகச் சுழலவிட வேண்டும். குளிர்காலத்தில் டிரம்மைத் திறந்தால் பேஸ்ட் இறுகிக் கிடக்கும். 20 டிகிரிக்குக் கீழே அப்படித்தான், சரக்கு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். 40 டிகிரி வரை மெதுவாக வெதுவெதுப்பாக்கினால் பழைய பதத்துக்கு வந்துவிடும். நேரடியாக நீராவியைப் பாய்ச்சினால் ஒரு பக்கம் காய்ந்து, இன்னொரு பக்கம் சிதையத் தொடங்கும். சின்ன விஷயங்கள்தான். ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் முதல் மாதத்திலேயே மனம் உடைந்து தொழிலை விட்டவர்கள் உண்டு.

அப்புறம் உப்பு. சாதாரண உப்புதான், சோடியம் குளோரைடு. நீர்த்துப்போன எஸ்எல்இஎஸ் கரைசலில் உப்பைச் சேர்க்கச் சேர்க்க அது கெட்டிப்படும். உருண்டையாக இருந்த மூலக்கூறு திரள்கள் உப்பின் தயவால் நீண்டு, புழுக்களைப் போல ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் இப்படி ஆகிறது. ஆனால் ஒரு உச்சம் இருக்கிறது. அதைத் தாண்டி உப்பு போட்டால் திரும்ப இளகத் தொடங்கும். ஷாம்புவைக் கெட்டியாக்க இதைவிட மலிவான வழி இல்லை என்பதால் சிறிய தயாரிப்பாளர்கள் எல்லோரும் உப்பைத்தான் நம்புகிறார்கள்.

ஒரு வாடிக்கையாளர் பேசியது இப்போதும் காதில் இருக்கிறது. “சார், இந்த முறை கெட்டியாகவே மாட்டேங்குது. உப்பு போட்டேன், இன்னும் போட்டேன், தண்ணியாப் போகுது.” அந்தத் தடவை விலை குறைவென்று வேறு ஒரு வியாபாரியிடம் வாங்கியிருந்தார். அவரிடம் குறிப்பேடு இருந்தது, செய்முறை மாறவில்லை, உப்பின் அளவு மாறவில்லை, தண்ணீரும் அதே தண்ணீர். மாறியது பேஸ்ட். 2 மோல் என்று சொல்லி விற்றது 1 மோல் சரக்கு. 1 மோல் சரக்கு குறைந்த உப்பிலேயே உச்சத்தைத் தொட்டுவிடும். அவருடைய வழக்கமான அளவு அந்த உச்சத்தை ஏற்கெனவே தாண்டியிருந்தது, மேலே போட்ட ஒவ்வொரு கைப்பிடியும் இன்னும் இளக்கியது. உப்பே சேர்க்காமல் இன்னொரு பேட்ச் தயாரித்து, இதை அதோடு பங்கு பங்காகக் கலக்கச் சொன்னேன். சரக்கு தப்பியது. அந்த வாரம் கடைகளுக்குப் போக வேண்டியது போகாமல் நின்றதற்கு யாரும் ஈடு தரவில்லை.

இதில் என்னைக் கோபப்படுத்துவது என்னவென்றால், அந்தச் சரக்கோடு சோதனைச் சான்றிதழ் ஒன்று வந்திருந்தது. ஆக்டிவ் 70 சதவீதம் என்று அதில் இருந்தது. ஒருவகையில் அது பொய்கூட இல்லை. எப்படி என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டால் ஒரு சிறு தயாரிப்பாளர் தன்னைக் காத்துக்கொள்ள முடியும்.

ஆக்டிவை அளக்கும் முறை பழையது, அழகானது. மூடி போட்ட கண்ணாடிக் குடுவையில் மாதிரியைக் கரைத்து, குளோரோஃபார்மும் கலப்பு நிறங்காட்டியும் சேர்ப்பார்கள். குளோரோஃபார்ம் அடியில் தனி அடுக்காகத் தங்கி இளஞ்சிவப்பாக மாறும். பியூரெட்டிலிருந்து ஹையமீன் கரைசலைத் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி, அடுக்குகள் பிரியக் காத்திருக்க வேண்டும். ஹையமீன் நேர்மின்சுமை உள்ளது, எஸ்எல்இஎஸ் எதிர்மின்சுமை உள்ளது, ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேரும். கடைசி மூலக்கூறுக்கும் ஜோடி கிடைத்த கணத்தில் அடி அடுக்கின் சிவப்பு மறைந்து சாம்பல் கலந்த நீலமாக மாறும். அந்த நிறமாற்றத்தைப் பிடிக்கக் கண் பழக வேண்டும். பழகிவிட்டால் ஒரு துளி வித்தியாசம்கூடத் தெரியும்.

இந்தச் சோதனை எண்ணுவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையை, எடையை அல்ல. எண்ணிக்கையை எடையாக மாற்ற மூலக்கூறு எடையால் பெருக்க வேண்டும். 2 மோல் சரக்குக்கு அது சுமார் 384, 1 மோலுக்குச் சுமார் 340. இப்போது கணக்கைப் பாருங்கள். 62 சதவீதம் மட்டுமே ஆக்டிவ் உள்ள 1 மோல் சரக்கை எடுத்து, 384 என்ற எண்ணைப் போட்டுக் கணக்கிட்டால் விடை 70 என்று வரும். பியூரெட் பொய் சொல்லவில்லை, நிறம் பொய் சொல்லவில்லை, பெருக்கிய எண்தான் வேறு. சான்றிதழில் மூலக்கூறு எடை என்ன என்று போடாத சப்ளையரிடம் நான் வாங்குவதில்லை. வாடிக்கையாளர்களிடமும் சொல்லிவிடுவேன்: வேறு யாரிடம் வாங்கினாலும் சரி, அந்த எண்ணைக் கேளுங்கள். அதோடு புது டிரம் வந்தவுடன் ஒரு லிட்டர் மட்டும் கரைத்து, உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து எங்கே உச்சம் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் முழு தொட்டியையும் தொடச் சொல்வேன். இதற்குச் சோதனைக்கூடம் வேண்டாம். ஒரு தராசும், சீராக ஒழுகும் ஒரு புனலும், நேரம் பார்க்க ஒரு கடிகாரமும் போதும்.

எஸ்எல்இஎஸ்ஸோடு கூட வருகிற பொருட்களில் முக்கியமானது சிஏபிபி, கோகமிடோபுரோபில் பீட்டைன். நுரையை மென்மையாக்கும், தோலுக்கு எரிச்சலைக் குறைக்கும், கெட்டிப்படுத்தவும் உதவும். 30 சதவீதக் கரைசலாக வரும், தயாரிக்கும்போதே உருவாகிற உப்பு 5, 6 சதவீதம் அதற்குள்ளேயே இருக்கும். உப்புக் கணக்கில் இதைச் சேர்க்க மறப்பவர்கள் நிறைய. இன்னொன்று, வினை முழுமையாக முடியாத சிஏபிபியில் மிஞ்சி நிற்கிற அமீன்கள்தான் ஒவ்வாமைக்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. அமெரிக்காவின் தொடு தோலழற்சி மருத்துவர்கள் சங்கம் 2004-இல் சிஏபிபியை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது நல்ல சரக்குக்கும் கெட்ட சரக்குக்கும் உள்ள இடைவெளியைக் காட்டியது. மிச்ச அமீன் எவ்வளவு என்று சான்றிதழில் ஒரு வரி இருக்கும். பார்ப்பதற்கு இரண்டு சரக்கும் ஒரே மஞ்சள் திரவம்தான், அந்த ஒரு வரியில்தான் வேறுபாடு.

சிடிஇஏ என்கிற கோகமைடு டைஎத்தனால்அமைடைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. நுரையைக் கூட்டவும் கெட்டிப்படுத்தவும் சேர்ப்பது; மலிவு, நன்றாக வேலை செய்யும். 2012-இல் கலிஃபோர்னியா அதைப் புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்தது. தலையில் தேய்க்கும் பொருளுக்கு அதைக் கேட்பவர்களை மாற்றுப் பொருளுக்குத் திருப்பவே முயல்கிறேன்.

புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று கருதப்படும் 1,4-டைஆக்சேன் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எத்திலீன் ஆக்சைடு சேர்த்த ஆல்கஹாலை சல்பேட் ஆக்கும்போது இது பக்கவிளைவாக உருவாகும். யாரும் வேண்டுமென்று சேர்ப்பதில்லை. வினை அளவை மீறினால், நடுநிலையாக்கத் தாமதித்தால் அதிகமாகும். வெற்றிடத்தில் ஆவியாக்கி நீக்க முடியும், அதற்குக் கருவியும் செலவும் வேண்டும். நியூயார்க் மாநிலம் ஷாம்பு, பாடிவாஷ் போன்றவற்றில் 2022 டிசம்பர் 31 முதல் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு), ஒரு வருடம் கழித்து 1 பிபிஎம் என்று வரம்பு விதித்தது. ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழு 2015-இல் 10 பிபிஎம் வரை பாதுகாப்பு என்று கருத்துச் சொல்லியிருக்கிறது. வரம்பு உள்ள சந்தைகளுக்குச் சுத்தமான சரக்கு போகும். வரம்பே எழுதாத நாட்டுக்கு எது போகும்? கேட்டால்தான் சான்றிதழில் அந்த எண் வரும், கேட்காவிட்டால் அந்த வரியே இருக்காது. நான் கேட்கிறேன். சட்டம் கேட்காததால் கேட்க வேண்டாம் என்பது எனக்கு ஒப்பவில்லை. குளிப்பாட்டப்படும் குழந்தையின் தோல் எந்த நாட்டிலும் ஒரே தோல்தான். இதனால் என் விலை சற்றே கூடுகிறது, சில ஆர்டர்கள் கைவிட்டுப் போகின்றன. போகட்டும்.

பணம். இந்தப் பகுதியை வெளியில் இருப்பவர்கள் குறைத்து எடைபோடுகிறார்கள். உற்பத்தியாளருக்கு டாலரில் எல்சி (பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறக்க வேண்டும், வாடிக்கையாளரிடமிருந்து உள்நாட்டுப் பணத்தில் தவணையாக வரும். நடுவில் சில மாதங்கள். வங்கியில் டாலர் இல்லையென்றால் எல்சி வரிசையில் நிற்கும், சரக்கு துறைமுகத்துக்கு வந்துவிட்டால் டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கும். 2021-இல் கன்டெய்னர் வாடகை தாறுமாறாக ஏறியபோதும், 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியபோதும், 2023 இறுதியிலிருந்து செங்கடல் வழியைத் தவிர்த்துக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியபோதும் பெரியவர்கள் சமாளித்தார்கள், அவர்களிடம் இருப்பு இருந்தது. நாலு டிரம் வாங்குகிறவருக்கு இருப்பு என்பதே அடுத்த வாரத்துச் சம்பளம். அந்த நாட்களில் எங்களைப் போன்றவர்களின் கிடங்குதான் அவருடைய கிடங்கு. எனவே விலை ஏறும் நேரத்தில் சரக்கைப் பதுக்கி வைக்கும் சப்ளையரை என்னால் மதிக்க முடியவில்லை. ஒருவருக்கே முழுவதையும் தள்ளாமல், எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தால் எல்லா தொட்டிகளும் ஓடிக்கொண்டிருக்கும்.

சுங்கத்தில் இந்தச் சரக்கு 34.02 என்ற தலைப்பில் வருகிறது. சுங்க எண் பட்டியலின் 2022 பதிப்பில் உட்பிரிவுகள் மாறின, பழைய 3402.11 போய் 3402.31, 3402.39 வந்தது. மாறிய புதிதில் பழைய எண்ணோடு வந்த காகிதங்களால் பெட்டிகள் நின்றன. எண்ணைவிட எனக்குக் கவலை தீர்வை விகிதம். தயாரான ஷாம்புவுக்கும் அதன் மூலப்பொருளுக்கும் ஏறக்குறைய ஒரே தீர்வை என்றால், உள்ளூரில் தொட்டி வைத்துக் கலக்க யார் முன்வருவார்கள்? இதை அதிகாரிகளிடம் சலிக்காமல் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே அதிகாரிகள் திருப்பிக் கேட்பார்கள்: “இதை இங்கேயே செய்யக் கூடாதா?” நியாயமான கேள்வி. எத்திலீன் ஆக்சைடு 10.7 டிகிரியில் கொதிக்கிற, வெடிக்கிற, நச்சு வாயு. அதைக் கப்பலில் கொண்டுவந்து ஒரு சிறு சந்தைக்காக வைத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. அதனால் அந்தக் கட்டம் பெட்ரோகெமிக்கல் ஆலைகளின் பக்கத்திலேயே நடக்கிறது. அடுத்த கட்டம் அப்படியல்ல. கந்தகம் கட்டியாக வரும், பத்திரமாக வரும். அதை எரித்து, வனேடியம் பென்டாக்சைடு வினையூக்கியின் மேல் செலுத்தி சல்பர் ட்ரைஆக்சைடு எடுக்கலாம். எத்தாக்ஸிலேட் ஆன, அதாவது எத்திலீன் ஆக்சைடு ஏற்கெனவே சேர்த்த ஆல்கஹால் சாதுவான திரவம், அதை மட்டும் இறக்குமதி செய்தால் போதும். சல்பர் ட்ரைஆக்சைடோடு வினைபுரிந்ததும் கிடைக்கும் அமில வடிவம் நிலையற்றது, உருவான உடனே நடுநிலையாக்கியாக வேண்டும் என்பதால், சலவைத் தூளுக்கான எல்ஏபிஎஸ்ஏ (லீனியர் அல்கைல் பென்சீன் சல்போனிக் அமிலம்) போல அமிலமாகக் கப்பலேற்ற முடியாது. சல்பேட் ஆக்குவதும் நடுநிலையாக்குவதும் ஒரே ஆலையில்தான் நடக்க வேண்டும். ஆலை நிற்காமல் ஓட வேண்டும், நின்று நின்று ஓடினால் ஒவ்வொரு தொடக்கத்திலும் தரம் குறைந்த சரக்கு ஒதுங்கும். ஷாம்புவை மட்டும் நம்பி அதை ஓட்ட முடியாது. அதே ஆலையில் எல்ஏபிஎஸ்ஏவும் செய்து சலவைத் தொழிலுக்கும் விற்றால் முடியும்.

அப்படி ஒரு ஆலை வந்தால் என் பேஸ்ட் வியாபாரம் குறையும். வரட்டும் என்றுதான் நினைக்கிறேன், வருவதற்காகக் கணக்குப் போட்டும் கொடுத்திருக்கிறேன். தயாரிப்பாளர்களுக்கு மாதக்கணக்கில் டாலர் முடங்காது, பேஸ்ட் புதிதாகக் கிடைக்கும், தகராறு வந்தால் நேரில் போய்ப் பேசலாம். அந்த ஆலைக்கும் எத்தாக்ஸிலேட் கடல் வழியாகத்தான் வரவேண்டும். அது 1 மோலா 2 மோலா என்று ஏற்றுவதற்கு முன்பே சோதித்து, சான்றிதழில் மூலக்கூறு எடையோடு எழுதி வாங்கி அனுப்ப ஆள் வேண்டும். அதற்கான சப்ளையர்களோடு இப்போதே பேசிக்கொண்டிருக்கிறேன்.